நிறமாலையில் நின்ற மேடு

மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியில் பயறளவே உள்ள ஒரு கதிரியக்க மூலம். ஒளிரும் எண்ணெய் நிறைந்த தொட்டிக்குள் அதை அவள் விரல் விரலாக இறக்கும் காட்சியே முதலில் நினைவுக்கு வருகிறது. அணு உலையிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோக்களுள் மிகச் சிலவே அவ்வெண்ணெயில் மோதி ஒளிப்பொறி எழுப்பும். அவ்வொளியைக் கொண்டே அவற்றின் ஆற்றலைக் கணிக்க வேண்டும். ஆற்றல் முன்பே அறியப்பட்ட மூலங்களை இறக்கி, எவ்வளவு ஒளிக்கு எவ்வளவு ஆற்றல் என்பதை ஒரு வளைகோடாக வரைந்து தருவது அவள் பொறுப்பு. திருவட்டாற்றுக்காரி, என் வயதினள், என்னோடு ஒரே நாளில் பணியில் சேர்ந்தவள். வளைகோடு முடிவாகும்வரை உலைத்தரவை யாரும் திறக்கலாகாது, திறந்தபின் வளைகோட்டைத் தொடலாகாது என்பது எங்கள் குழுவின் முறை. விடை தெரிந்துவிட்டால் கை அவ்விடையை நோக்கியே சாயும்.

என் ஆய்வின் இறுதியாண்டில் தரவைத் திறந்தபோது, எதிர்நியூட்ரினோக்களின் ஆற்றல் நிறமாலையில், கோட்பாடு முன்னறிவித்த கோட்டுக்கு மேலே, ஐந்து மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஒரு மேடு எழுந்து நின்றது. காரணம் தெரியவில்லை. என் ஆய்வேட்டை அம்மாதமே அளித்தால்தான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரிப் பணிக்கு நான் தகுதி பெறுவேன். கருவியின் கோணல்தான் என்று நம்ப விரும்பினேன். அளந்த புள்ளிகள் இல்லாத இடைவெளியில் வளைகோட்டை இம்மியளவு வளைத்தேன், மேடு மறைந்தது. அனுமதிக்கப்பட்ட பிழை எல்லையையும் கோடு தாண்டவில்லை. அவள் கையொப்பம் மட்டுமே எஞ்சியிருந்தது.

நண்பகலில், மரச்சீனிக்கிழங்குப் பொதியைப் பிரித்தபடியே, நான் நீட்டிய வளைகோட்டுத் தாளைப் பார்த்தாள்.

"ஏட்டி, மேட்டப் பாத்துட்டுத்தானே இத வளச்சே?"

"எல்லைக்குள்ளதானே நிக்கு?" என்றேன்.

"நிக்கட்டு. போரானுக்க மேல போட்டுப் பாத்தியா?"

விண்ணிலிருந்து வரும் துகள்கள் எண்ணெயில் மோதி உண்டாக்கும் போரானின் சிதைவுகளும் அதே தொட்டியில்தான் பதிகின்றன. அவற்றுக்கும் உலைக்கும் தொடர்பில்லை. கருவி கோணலாயின் அவற்றின் நிறமாலையும் அதே இடத்தில் கோணலாக வேண்டும். நான் பார்த்திருக்கவில்லை. அவள் கிழங்கை மூடிவைத்துவிட்டு, என் வளைகோட்டின்படி போரான் நிறமாலையை வரைந்தாள். சீராக இறங்க வேண்டிய கோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. தன் பழைய வளைகோட்டின்படி வரைந்தாள், பள்ளம் இல்லை.

"ஒரு எடத்துல மேட்ட வெட்டி இன்னொரு எடத்துல குழி தோண்டியிருக்கே. மேடு நிரத்தணும்னா மம்பட்டிய எடுத்துட்டு வயலுக்குப் போ."

"எனக்க வேலை போயிரும்டி."

"போவும். அதுக்காவ இதுல நான் ஒப்புப் போட மாட்டேன்" என்று தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் பழைய வளைகோட்டையே ஏற்று, "இம்மேடு அளவுத்திருத்தத்தால் விளைந்தது அன்று, இதன் காரணத்தை இவ்வாய்வு அறியாது" என்று எழுதினேன். அவ்வாக்கியத்துக்கு விளக்கம் கேட்டுத் தேர்வாளர் ஆய்வேட்டைத் திருப்பியனுப்பினார். கல்லூரிப் பணி வேறொருவருக்குப் போயிற்று.

பின்னர் வேறு நாட்டுக் கருவிகளிலும் அதே இடத்தில் மேடு தெரிந்தது. கோட்பாட்டுக் கணக்கிலேயே பிழை என்பார் உளர். எந்தப் பிழை என்பதில் இன்றும் உடன்பாடில்லை. அவள் இப்போது ஒரு மருத்துவமனையில் கதிர்ச்சிகிச்சைக் கருவிகளுக்கு அளவு பார்க்கிறாள். நான், இரண்டாண்டு காத்திருந்து கிடைத்த வேறொரு கல்லூரியில் கற்பிக்கிறேன். அந்த ஆய்வேட்டில் இன்று திருத்த விரும்பும் இடங்கள் பல. அவ்வொரு வாக்கியத்தைத் திருத்தும் அறிவு மட்டும் இன்னும் யாருக்கும் கிட்டவில்லை.