உப்பளத்துப் பெண்ணுக்கு ஒரு கொட்டில்

அந்தப் பெண்ணின் கணுக்காலில் இருந்த புண் மூன்றாவது தடவையும் திறந்துகொண்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கடலேரிக்கரையில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் மிஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்தேன். பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். டொக்டர் கிழமைக்கு ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் அப்போதிக்கரி ஐயாதான் எல்லாம். மருந்து கலப்பதும் அவர், யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்று சொல்வதும் அவர். நான் சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். முஸ்லிம் ஊர்களின் நடுவே வேலைக்கு வந்து ஒரு வருஷமாகியும், யார் என்னை நம்புகிறார்கள், யார் என்னைக் கண்டதும் கதையை நிறுத்துகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பெண்ணை உப்பளத்து ஆட்கள் மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். உப்புத் தண்ணீரில் நின்று நின்று புண் எலும்பைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தது. ஊர் எது என்று கேட்டால், "கற்பிட்டிப் பக்கம்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. பதிவுப் புத்தகத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னபோது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எந்தக் கடதாசியிலயும் என்ட விரல வைக்க மாட்டன்."

அப்போதிக்கரி ஐயா என்னைத் தனியே கூப்பிட்டார். "பொலிஸ் தேடுற ஆளோ தெரியாது. ஒரு கண் வச்சிருங்க, மிஸி."

வைத்திருந்தேன். காலையில் கொடுக்கும் பாணில் பாதியைத் தலையணைக்கு அடியில் ஒளிப்பார். பக்கத்துக் கட்டில்காரிகளைப் பார்க்க ஆட்கள் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. வார்டில் எதுவும் காணாமல் போகவில்லை என்றாலும், அவர் எழுந்து நடந்தால் மற்றப் பெண்கள் தங்கள் துணி மூட்டைகளைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நானும் மருந்து அலுமாரியை இரண்டு தடவை பூட்டினேன்.

ஐந்து கிழமை அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டினேன். மூடிக்கொண்டு வரும், பிறகு திறக்கும். மருந்தில்தான் பிழையோ என்று அப்போதிக்கரி ஐயா போத்தலை மாற்றினார். ஒருநாள் மத்தியானச் சோறு முடிந்து வார்டே கண்ணயர்ந்திருந்த நேரம், அவருடைய கட்டில் வெறுமையாக இருந்தது. பின்பக்கத்துப் படியில் கடலேரியைப் பார்த்தபடி இருந்தார். கட்டு அவிழ்ந்திருந்தது. கையில் ஒரு சிப்பி ஓடு. புதிதாக வளர்ந்த தோலை அதன் விளிம்பால் சுரண்டிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்திருந்தார்.

ஓட்டைப் பறித்துத் தண்ணீரில் எறிந்தேன். கோபம் வந்தாலும், அங்கே மூத்த முஸ்லிம் பெண்களை அக்கா என்ற பொருளில் கூப்பிடுவதுபோல 'ராத்தா' என்றுதான் வாயில் வந்தது.

"எத்தின நாளாச் செய்றீங்க, ராத்தா?"

"ஆறத் துடங்கின நாள் தொட்டு."

"ஏன்?"

"ஆறினா அனுப்பிருவீங்கதானே."

அன்றைக்குத்தான் வாய் திறந்தார். தாய் சீதனமாகக் கொடுத்த ஒரு சிறிய வீடு அவருக்கு இருந்தது. புருஷன் கடலில் போய்த் திரும்பவில்லை, பிள்ளைகளும் இல்லை. ஒருநாள் தம்பி ஒரு கடதாசியோடு வந்து, வீட்டு வரி விஷயம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினான். அது வீட்டை அவனுக்கு எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம். ஆறு மாதம் கழித்து, அவனிடம் வீட்டை வாங்கினவர்கள் வந்து அவருடைய சட்டி பானைகளை மணலில் வைத்தார்கள். அதற்குப் பிறகு உப்பளத்துக் கொட்டகைதான் வீடு. மழை தொடங்கினால் உப்பு வேலை நிற்கும், எல்லோரும் ஊருக்குப் போவார்கள், கொட்டகையையும் பிரித்துவிடுவார்கள். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அப்போதிக்கரி ஐயா நம்பவில்லை. "இந்த மாதிரிக் கதை நான் எவ்வளவோ கேட்டிருக்கிறன்," என்றார். ஆனாலும் சொன்னார்: "புண் ஆறும்வரைக்கும் கட்டில் இருக்கு. அதுக்குள்ள ஒரு இடம் பாருங்க. இடமில்லாம அனுப்பினா ரெண்டு மாசத்தில திரும்பக் கொண்டுவந்து போடுவாங்க. அப்ப காலும் மிஞ்சாது."

வெறும் கூரை மட்டும் போதாது. அப்போது அரிசி கூப்பனுக்குத்தான். ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் ஒரு வீட்டோடு பெயர் பதிந்தால்தான் கூப்பன். வீடு இல்லாத ஆள் கூப்பன் இல்லாத ஆள்.

லீவு நாட்களில் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "காலில புண்ணோ?" குட்டரோகம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கதவு மட்டும் கொஞ்சம் சாத்திக்கொள்ளும். கரையோரத்தில் எங்கள் மாதா கோயில் ஆட்கள் வீடு ஒன்றில் பின்அறை தருவதாகச் சொன்னார்கள். அடுத்த நாளே, அறையில் வலை அடுக்க வேண்டியிருக்கிறது என்று ஆள் அனுப்பினார்கள். தொற்றுகிற வருத்தம் இல்லையென்று அப்போதிக்கரி ஐயாவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். அது இன்னும் பிழையாகப் போனது. ஒரு வீட்டுக்காரி கடிதத்தைத் தொடாமலே கேட்டாள்: "கடதாசி எழுதிக் குடுக்கிற அளவுக்கு அப்பிடி என்ன வருத்தம், மிஸி?"

அந்த நேரத்தில்தான் கனமூலை என்ற ஊரிலிருந்து ஒரு முதலாளி இருமலுக்கு மருந்து எடுக்க வந்தார். தென்னந்தோட்டக்காரர், வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. நான் இடம் தேடுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்ட தோட்டத்து ஓரத்தில ஒரு கொட்டில் இருக்கு. அவவ கொண்டுவந்து விடுங்க."

"என்ன வேலை செய்ய வேணும், முதலாளி?"

"வேலை ஒண்டும் இல்ல. இருந்தாப் போதும்."

புண்ணைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. ஊர் முழுக்கக் கேட்ட கேள்வியை இவர் மட்டும் ஏன் விட்டார் என்பதே எனக்கு உறுத்தியது. கூலியில்லாத வேலைக்காரி தேடுகிறார் என்று நினைத்தேன். அதைவிடக் கூடாததையும் நினைத்தேன். அப்போதிக்கரி ஐயாவிடம் சொன்னேன். "போய்ப் பார்த்திட்டு விடுங்க, பார்க்காம விடாதீங்க," என்றார்.

புண் ஆறியதும் ஒரு லீவு நாளில் இருவரும் வண்டியில் போனோம். கொட்டில் தோட்டத்தின் கடைசியில் தனியாக நின்றது. ஒரு பக்கத்து வேலியைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அதற்குப் பத்தடி தள்ளி வேறு வரிசையாகக் கட்டைகள் நட்டிருந்தன. கூரைக் கிடுகு பழையது. அடுப்பு இருந்தது, அதில் நிறையச் சாம்பல். ராத்தா குனிந்து சாம்பலைக் கையால் ஒதுக்கினார். அடியில் மண் சுடுபட்ட அடையாளமே இல்லை.

"இது வேற அடுப்புச் சாம்பல்," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. "இங்க ஒருநாளும் நெருப்பு எரியல்ல."

முதலாளி ஒரு கடதாசியை நீட்டினார். "இதில ஒரு விரல் வச்சாச் சரி."

நான் வாங்கிப் படித்தேன். இந்தக் கொட்டிலில் பதினொரு வருஷமாக முதலாளியின் ஆளாக இருந்துவருகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. ராத்தாவுக்கு உரத்துப் படித்துக் காட்டினேன்.

"இது பொய்தானே, முதலாளி," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. "காணி என்டதுதான், மிஸி. தம்பி தன்டது எண்டு வழக்குப் போட்டிருக்கிறான். பத்து வருஷத்துக்கு மேல நான் ஆள் வச்சிருந்தது எண்டு காட்டினா வழக்கு முடிஞ்சிரும்."

"வாங்க ராத்தா, போவம்," என்றேன். என் முகம் சுட்டது. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது இதற்கா என்றிருந்தது.

ராத்தா அசையவில்லை. "எங்க, மிஸி?"

வண்டிப் பக்கம் நீட்டிய கையை இறக்கினேன்.

அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "விரல் வைக்க மாட்டன். ஆனா இருப்பன். வழக்குக் கோட்டில கேட்டா எந்த நாள் வந்தன் எண்டு உள்ளதச் சொல்லுவன். சம்மதமெண்டாச் சொல்லுங்க."

முதலாளி தாடியைத் தடவினார். ஆள் இருக்கிற கொட்டிலைத் தம்பியின் ஆட்கள் பிரிக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சரி, இருங்க."

அவர் போனபிறகு நான் மறுபடியும் சொன்னேன், இந்த ஆளை நம்பக்கூடாதென்று. ராத்தா சாம்பலை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு என்ன வேணும் எண்டு எனக்குத் தெரியும், மிஸி. என்ட தம்பிக்கு என்ன வேணும் எண்டுதான் தெரியாமப் போச்சு."

விதானையார் அவருடைய பெயரைப் பதிந்தார். கூப்பன் கிடைத்தது. மாதத்துக்கு ஒருமுறை நான் போய்க் காலைப் பார்த்தேன். புண் வெள்ளைத் தழும்பாகிவிட்டது. கொட்டிலைச் சுற்றி மிளகாயும் மரவள்ளியும் வைத்திருந்தார். முதலாளியின் தம்பியும் வரத் தொடங்கினார். ஒருதரம் கருவாடு கொண்டுவந்து, "கோட்டில உண்மையச் சொன்னாப் போதும், ராத்தா," என்றாராம். ராத்தா கருவாட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "உண்மைக்குக் கருவாடு எதுக்கு?" என்று அனுப்பியிருக்கிறார்.

இரண்டாம் வருஷம் வழக்கு வந்தது. ராத்தா தலையை நன்றாகப் போர்த்திக்கொண்டு போய்ச் சாட்சி சொன்னார். நானும் பின்னால் இருந்தேன். எப்போது வந்தீர்கள் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மிஸி கொண்டுவந்து விட்டது என்றும், அதற்குப் பிறகு இரண்டு மாரி போனது என்றும் சொன்னார். முதலாளி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு காணி தம்பிக்குப் போனது.

அப்போதிக்கரி ஐயா ஒரு கட்டிலைக் காலியாக்கி வைத்தார். ராத்தாவை வெளியே போடப்போகிறார்கள் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இல்லை. அரைநாள் லீவு கேட்டு வண்டி பிடித்து ஓடினேன். தம்பிக்காரர் வேலியோரம் நின்றார்.

"அவவ எழுப்பப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் எழுப்புறது? அவ இருக்கட்டும்."

"என்ன எழுதிக் கேக்கப் போறீங்க?"

அவர் சிரித்தார். "ஒண்டும் இல்ல, மிஸி. கொட்டில் சும்மா கிடந்தா எங்கட நானா, அந்த முதலாளி, ராவோட ராவா வேலிய இங்கால கொண்டுவந்து போடுவாரு."

ராத்தா உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தார். தம்பிக்காரர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். தோள் குலுங்கியது. அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பிப் போய்ச் சொன்னபோது அப்போதிக்கரி ஐயா, "அண்ணன் தம்பி சமாதானமாகாம இருக்கவேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தக் கட்டிலில் வேறு ஒருவரைப் போட்டார்.

அண்ணனும் தம்பியும் நான் அங்கே இருந்தவரை சமாதானமாகவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கம்தான்.

அடுத்த மாரிக்கு முந்தி, காய்ச்சலில் வந்து குணமான இன்னொரு பெண்ணுக்கும் போக இடமில்லை. வயதானவர், கண்பார்வை மங்கல், எங்கள் கரையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். வேறு வழி தெரியாமல் அவரைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போனேன். ராத்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எந்த ஊர்? பிள்ளைகள் இல்லையா? ஏன் ஒருத்தரும் பார்க்க வரல்ல? களவு கிளவு இல்லையே, மிஸி?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல, ராத்தா."

அவரை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து உள்ளே போய், தன் பாயைச் சுவரோரம் நகர்த்தி இடம்விட்டார். அரிசி வைக்கும் முட்டியை மட்டும் தன் தலைமாட்டுக்கு எடுத்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாவின் கையைப் பிடித்து, வாசல்படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்க்கச் சொன்னார்.