வேப்பிலை கட்டிய சாப்பாட்டுக் கடை

ஹாலிஎலையில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். பதுளையிலிருந்து வந்த வண்டிக்காரர் என்னைக் கண்டதும் மாட்டை நிறுத்தினார். "டெய்லரண்ணே, நம்ம மீரான் நானா காலையில மௌத்தாப் போயிட்டாரு. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றார். தேநீரை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். பதுளைக்கு வந்து சேர்ந்தபோது பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள். அடக்கத்துக்குப் போன கூட்டத்தோடு நானும் போனேன்.

பதுளைக் கடைவீதியில் எல்லாருக்கும் அண்ணன் முறையில் ‘நானா’ அவர். அவருடைய சாப்பாட்டுக் கடையில் சாப்பிடாதவர்கள் குறைவு. ஆகவே அவருடைய கைமணத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டாம். நான் முதன்முதலாகத் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல இன்னொரு ஆளுக்கும் இடம் இருக்கு. அந்த ஆளையும் நீங்களே தருவீங்களா?" என்று கடை நிறைந்த கூட்டத்தில் கேட்டவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு வாரம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எட்டாம் நாள் அதே சட்டையோடு என் வாசலில் வந்து நின்று சாப்பிடக் கூப்பிட்டார்.

விஷக்காய்ச்சல் வந்த வருஷத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டும். சந்தைக்குப் பின்னால், தெருக்கூட்டும் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒருவராவது படுத்துவிட்டார்கள். சில வீடுகளில் அடுப்பு மூட்ட ஆளில்லை. நானா பள்ளிவாசல் பெரியவர்களிடம் போய், "நோன்புக் கஞ்சிக்கு வாங்கின தேக்சா, நோன்பு வர்ற வரைக்கும் கவுந்து கிடக்கணுமா?" என்று கேட்டு அந்தப் பெரிய பானையை வாங்கி வந்தார். கஞ்சி காய்ச்சுவது அவர் வேலை. துணி தைக்க யாரும் வராத காலம் என்பதால், வாளியில் எடுத்துப்போய் வீடுவீடாக ஊற்றுவதை நான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த லயத்து ஜனங்கள் திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நானும் அப்படித்தான். அம்மை கண்ட வீட்டு வாசலில் நாங்கள் வேப்பிலை கட்டுவோம். அந்த வீட்டுக்குள் வெளியார் போகமாட்டார்கள். கொடுக்கல் வாங்கலும் கிடையாது. உள்ளே அம்மன் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. இது என்ன காய்ச்சல் என்று தெரியாத ஜனங்கள் இதற்கும் வேப்பிலையைக் கட்டிவிட்டார்கள். வாளியோடு போன இந்த முட்டாளும், வேப்பிலை கண்ட வாசலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனேன். படுத்துக் கிடந்தவர்களை விட்டுவிட்டு நடமாடியவர்களுக்கே மூன்று நாள் கஞ்சி ஊற்றினேன்.

நான்காம் நாளும் கஞ்சி மிஞ்சி வந்தது. "கருப்பாயி வீட்டுக்கு ஊத்துனீங்களா?" என்று நானா கேட்டார். கருப்பாயி கடைவீதியைக் கூட்டுகிறவள். தினமும் அவர் கடையின் முதல் தேநீர் அவளுக்குத்தான். "வேப்பிலை கட்டியிருக்கு நானா" என்றேன். அகப்பையைப் போட்டுவிட்டு லயத்துக்கு நடந்தார், நானும் பின்னால் ஓடினேன். கதவைத் தட்டினார், கூப்பிட்டார், பிறகு தோளால் தள்ளித் திறந்தார். கருப்பாயிக்கு உயிர் இருந்தது. பக்கத்தில் கிடந்த அவள் புருஷனுக்கு இல்லை.

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ, "நானும் மூணு நாளா வாளி மிஞ்சி வர்றதப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். இந்தத் தப்புல பாதி என்னோடது. எந்திரிங்க, அந்தப் புள்ளைக்குத் தண்ணி வேணும்" என்றார்.

மற்ற வேப்பிலை வீடுகளுக்கும் போனோம். அவர்களோ வாங்க மறுத்தார்கள். "ஆத்தா இருக்கிற வீடுங்க, வெளிக் கஞ்சி ஆகாது" என்று ஒரு கிழவர் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். நானா கடைவீதிக்குத் திரும்பினார். சந்தைக்குப் பிபிலைப் பக்கத்திலிருந்து வண்டியில் வந்திருந்த வேப்பிலைக் கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவி, முக்காலியில் ஏறித் தன் சாப்பாட்டுக் கடை வாசலில் கட்டினார். மறுபடி லயத்துக்கு வந்து, "என் வாசல்லயும் கட்டிட்டேன். வேப்பிலை வீட்டுக் கஞ்சி வேப்பிலை வீட்டுக்கு வருது. இதுல என்ன குத்தம்?" என்றார். கிழவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டியை நீட்டினார்.

சாப்பாட்டுக் கடையில் வேப்பிலை தொங்கினால் யார் சாப்பிட வருவார்கள்? காய்ச்சல் ஓயும்வரை கடை ஈ ஓட்டியது. நம்ம மார்க்கத்தில் இது ஆகுமா என்று தன் பள்ளிவாசல் ஆட்களே கோபித்துக்கொண்டபோது, "கொசுவுக்குக் கட்டினேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது மூடியிருந்த கடை வாசலில் பச்சை வேப்பிலைக் கொத்து ஒன்று தொங்கியது. அதைக் கட்டிவிட்டுப் படியில் கருப்பாயி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் அவளிடம் சொல்லாததை அன்று சொன்னேன். மூன்று நாள் அவள் வாசலைத் தாண்டிப் போனவன் நான்தான் என்றேன்.

"தெரியுங்க. மூணு நாளும் வாளிச் சத்தம் கேட்டுச்சு. கூப்பிடத்தான் குரல் வரல" என்றாள். "நானாதாங்க சொன்னாரு, டெய்லர்கிட்ட இதக் கேட்டுடாத புள்ள, அவரு தாங்கமாட்டாருன்னு."

அங்கேயே நின்று அழுதேன். இப்படி ஒரு மனிதரோடு ஒரே தெருவில் வாழக் கிடைத்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? பாதியைத் தன்னுடையதென்று சொல்லி எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. மூடிய கதவைக் கண்டால் தட்டாமல் என்னால் போக முடிவதில்லை.