அக்கா வேண்டாம் என்ற ஸ்பேனர்

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத எங்கள் வீட்டிலேயே தகுதி குறைந்தவன் நான்தான். அத்தான் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அக்காவின் மகள். "நீ எழுது மாப்ளே. எங்களுக்கு அழ மட்டுந்தான் இருக்கு. உனக்குச் சொல்லதுக்கும் இருக்கு" என்று அத்தான் சொல்லிவிட்டார். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இதைக் கையில் வாங்கியிருக்கும் பெரியவர்களையும் சொந்தக்காரர்களையும் சிநேகிதர்களையும் வணங்கி, ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாஞ்சில் நாட்டில், பூதப்பாண்டியில். எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்ததும் திருவனந்தபுரம் வந்து மணக்காட்டில் குடியேறினோம். அக்காவுக்குப் பதினைந்து வயதாகும்போது அப்பா போய்விட்டார். அதன்பிறகு அம்மாவின் தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம், தைக்க வந்த துணியெல்லாம் குவிந்து கிடக்கும்போது மெஷின் நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்தவர் பத்து நாளாகும் என்றார். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டார். மெஷினைப் பாயில் சாய்த்து ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கிவைத்து, சாயங்காலம் ஓட்டியும் காட்டினார். "இனி இதை யாரும் தொடப்பிடாது" என்று அம்மாவுக்கே உத்தரவு போட்டார். அந்த உத்தரவு அம்மா போன பிறகும் நீங்கவில்லை. மெஷின் அக்காவோடு அவர் கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் போயிற்று.

நல்ல மார்க் இருந்தும் அக்கா கல்லூரிக்குப் போகவில்லை. சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். "பொம்பளப் பிள்ளை ஸ்பேனரத் தூக்கிட்டு அலையுது" என்று சொந்தத்தில் சிலர் சிரித்தார்கள். இந்த மலரை வாங்கியிருப்பவர்களிலும் அவர்கள் உண்டு, பெயர் சொல்லவில்லை. பிறகு ஒரு பாலிடெக்னிக்கின் ஒர்க் ஷாப்பில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, அதே சாலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஹார்டுவேர் கடையும் வந்தது. இதெல்லாம் முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனார். அத்தான் ஆறு வருடம் பொறுத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பாலிடெக்னிக்குக்கு வாங்கும் கருவிகளைப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று எழுதுவது நாளடைவில் அக்காவின் பொறுப்பாயிற்று. "டீச்சர் ஒப்பிட்டால் பின்னே நோக்கண்டா" என்பார்கள் அங்கே. அவர் கையெழுத்துப் போட்ட பிறகு வேறொருவர் பார்க்கத் தேவையில்லையாம். ஸ்பேனர் என்றால் முதலில் அதன் வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இரண்டு தாடைக்கும் நடுவில் ஒரு பக்கம் மட்டும் கீற்றுத் தெரிந்தால் முகம் சுளிப்பார். காதருகில் ஆட்டிக் கேட்பார். இடது கையால் மட்டும் திருகிப் பார்ப்பார். கடைசியில் கை நிறையச் சோப்பைத் தேய்த்துக்கொண்டு, அந்த வழுக்குக் கையோடு நட்டைக் கழற்றுவார். "வேலை செய்யுதவன் கை எப்பமாவது காஞ்சு இருக்குமாடே?" என்று என்னிடம் கேட்பார். பளபளப்பையும் அட்டைப்பெட்டியையும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

சாமான் நன்றாக இருந்தால் அக்காவிடம் ஒரே சொல்தான்: "கொள்ளாம்." மலையாளிகள் சும்மா சொல்வதுதான், பரவாயில்லை என்பதற்குச் சற்று மேலே. அதற்கு மேல் ஒரு பாராட்டு அக்காவிடம் கிடையாது. அத்தானைப் பற்றி அம்மா கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். அத்தான் அதை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். நான் கடைக்குக் கொண்டுவந்த எதற்கும் அந்தச் சொல் கிடைத்ததில்லை. ஐம்பது வயதைத் தொட்ட பிறகும் எனக்கு அது பெரிய குறையாகவே இருந்தது.

அக்கா போவதற்கு எட்டு மாதம் முன்னால் நான் புதிதாக ஒரு ஸ்பேனருக்கு ஏஜென்சி எடுத்தேன். எந்த நட்டுக்கும் ஏற்றபடி வாயைத் திருகி வைத்துக்கொள்ளலாம். வைத்த அளவு மாறாமல் இருக்க, திருகுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு லாக் இருந்தது. பாலிடெக்னிக்கில் மாதிரி கேட்டிருந்தார்கள். நானும் ஒன்று கொடுத்தேன். தம்பி கடைச் சாமானைத் தான் பார்ப்பது சரியில்லை என்று அக்கா அங்கே சொல்லியிருக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இந்தத் தடவை அந்தச் சொல் வந்துவிடும் என்று நம்பினேன்.

அக்கா எழுதியதன் நகலை அத்தான் கடைக்குக் கொண்டுவந்து தந்தார். கை ஈரமாக இருக்கும்போது வெட்டி இழுத்தால் விரல் வழுக்கி லாக்கில் பட்டு அது விட்டுவிடுகிறது, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, வேண்டாம் என்று இருந்தது. தாளை மேஜை இழுப்பறைக்குள் எறிந்துவிட்டுப் போன் செய்தேன்.

"உனக்குத் தம்பியவிட லாக்குதான் பெருசாக்கா?"

"லாக்கு விடுதுடே. ஒரு பிள்ளைக்குக் கை போச்சுன்னா நீயா வந்து நிப்ப? நான் எழுதினத முழுசா வாசிச்சியா? வீட்டுக்கு வா, இருந்து பேசுவோம், கேட்டியா?"

"இனி உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்."

ஏறவில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து மணக்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நடந்து போகும் தூரம்தான். எட்டு மாதம் நடக்கவில்லை. ஓணத்துக்குக் கூப்பிட்டார், தீபாவளிக்குக் கூப்பிட்டார். கடையில் ஆள் இல்லை என்று சாக்குச் சொன்னேன்.

இனி எழுதப்போவதை அத்தானிடம்கூடச் சமீபத்தில்தான் சொன்னேன். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு அந்த ஸ்பேனரை இழுத்துக் காட்டினேன். மழைநாள், கை ஈரம். லாக் விட்டுவிட்டது. என் கை இரும்பு ரேக்கில் மோதி நான்கு விரல் முட்டியும் தோல் உரிந்தது. அக்கா எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அன்றே போயிருக்கலாம். "நீ சொன்னது சரிக்கா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை.

நெஞ்சுவலி என்று அத்தான் கூப்பிட்டதும் ஓடினேன். உள்ளே ஒருவரை ஐந்து நிமிஷம் மட்டும் விட்டார்கள். அக்கா மெலிந்துபோயிருந்தார். என் முகத்தைப் பார்க்கும் முன்பே கையைத்தான் பார்த்தார்.

"கையில என்னடே கட்டு? லாக்கு விட்டுச்சா?"

"இல்லக்கா. ஷட்டர் இடிச்சது."

கட்டின் மேலேயே நான்கு முட்டியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "ம்... பாத்து" என்றார். அவ்வளவுதான். மறுநாள் விடியும்போது அக்கா இல்லை. என்னை வளர்த்து ஆளாக்கியவரிடம் நான் கடைசியாகப் பேசியது ஒரு பொய். அவருக்கு அது பொய் என்று தெரியும். ஒரு வருடமாக இது என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. இதற்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

மயானத்திலிருந்து திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே ஏறும் முன் கைகால் கழுவ எல்லாரும் அக்கா வீட்டுப் பின்வாசல் குழாயடிக்குப் போனோம். எட்டு மாதம் கழித்து அன்றுதான் அந்த வீட்டுக்குப் போகிறேன். குனிந்து குழாயைத் திறக்கக் கையை வைத்தேன். கைப்பிடி இருந்த இடத்தில் என் ஸ்பேனர் இருந்தது. பாலிடெக்னிக்குக்கு மாதிரியாக நான் கொடுத்த அதே ஸ்பேனர். குழாயின் கைப்பிடி உடைந்து தண்டு மட்டும் நிற்க, அதைக் கவ்விப் பிடித்து லாக் போட்டபடி இருந்தது. ஈரக் கையோடு திருப்பினேன். தண்ணீர் வந்தது. பலங்கொண்ட மட்டும் வெட்டி இழுத்தேன். அது விடவில்லை. திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து தோளைப் பிடித்தார்.

"நீ வந்து எடுப்பேன்னு அவ வீட்டுல கொண்டு வச்சிருந்தா மாப்ளே. நீ வரல்ல. பின்ன ஒருநாள் உக்காந்து ஸ்பிரிங்க மாத்தினா. உங்க அம்மைக்க தையல் மெஷின்ல உள்ளத வெட்டிப் போட்டா. நான் சத்தம் போட்டேன். 'அவன் ஆசப்பட்டுக் கொண்டு வந்த சாமான்'னா. நாலு மாசமா நாங்க இதைத்தான் திறக்கோம்."

யாரும் தொடக் கூடாத மெஷினை அக்காவே எனக்காகத் தொட்டிருக்கிறார்.

காரியங்கள் முடிந்து கடையைத் திறந்த அன்று மேஜை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். மறுபக்கத்தில் பேனாவால் எனக்கு எழுதியிருந்தார். "தம்பி, இரும்பு நல்ல இரும்பு. தாடையில் ஆட்டம் இல்லை. ஸ்பிரிங் மட்டும் பலம் போதாது. அதை மாற்றினால் இதுவரை வந்ததில் இதுதான் முதல் தரம். கம்பெனிக்கு எழுது. அவர்கள் கேட்காவிட்டால் நான் மாற்றித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வா." எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அது அங்கேயே கிடந்திருக்கிறது.

கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. என் கடையில் அந்த ஸ்பேனர் வாங்கியவர்கள் இதை வாசித்தால் கொண்டுவாருங்கள். வேறு ஸ்பிரிங் போட்டு, சோப்புக் கையோடு இழுத்துப் பார்த்துத்தான் தருவேன்.

அக்காவைக் கடைசி வரை கவனித்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும், அன்று விடிகாலையிலேயே வந்து நின்ற பாலிடெக்னிக் நண்பர்களுக்கும், வரிசையில் நின்று அழுத மாணவர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துத் தந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எட்டு மாதத்தையும் ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் என்னைச் சேர்த்துக்கொண்ட அத்தானுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நினைவு நாளுக்கு வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்வாசலில் கால் கழுவும்போது குழாயில் ஸ்பேனர் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். புதுக் கைப்பிடி மாட்ட வந்தவரை அத்தான் திருப்பி அனுப்பிவிட்டார். தாராளமாகத் திருப்புங்கள், கையோடு வராது. அக்கா அதைப் பூட்டித் தண்ணீரைத் திறந்து பார்த்த அன்று என்ன சொன்னார் என்று அத்தானிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. போன வாரம் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு அவராகவே சொன்னார்: "கொள்ளாம்னு சொன்னா மாப்ளே."