மூத்த மருமகளுக்குக் கிடைத்த நாற்பது எபிசோடு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழை சமயம். வாணியம்பாடியில் கிளம்பி ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் காலை பஸ்ஸில் நடந்தது இது. நல்லவேளை, என் வாய்க்கொழுப்பால் நடக்க இருந்தது நடக்காமல் போனது.

நான் ஜமுனாமரத்தூரில் ஓர் ஆபீஸில் கிளார்க். ஆலங்காயத்தில் பஸ் ஏறுவேன். வாணியம்பாடியிலிருந்தே வரும் நர்ஸ் அக்கா, மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹேண்ட்பேக்கையும் லன்ச் பையையும் பரப்பி எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். மூன்றாவது ஆள் காவலூரில் ஏறுவாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள். கொஞ்சம் சாமை விளையும் நிலம், நாலு புளியமரம், வாயே திறக்காத புருஷன், ஒரே மகள். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

எங்கள் மூவரையும் சேர்த்து வைத்தது ஒரு பழைய குடும்ப சீரியல். நாங்களெல்லாம் கல்யாணமாகி வந்த புதிதில் ஓடியது. அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டோம், அப்படிப் பார்த்தோம். இப்போது பழைய எபிசோடெல்லாம் நெட்டில் கிடைக்கிறதே! வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்வேன். மலைமேல் டவர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. காவலூரில் அவள் ஏறும்வரை போட மாட்டோம். அப்புறம் ஒரு எபிசோடு பார்த்து, மீதி வழியெல்லாம் அதைப் பற்றிச் சண்டை போட்டால் ஜமுனாமரத்தூர் வந்துவிடும். டிக்கெட் போட வரும் கண்டக்டர்கூட, "இன்னாம்மா, மாமியாரு இன்னிக்காவது திருந்துனாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஆளுக்கொரு கட்சி. நர்ஸ் அக்காவுக்குக் கோர்ட்டுக்குப் போன இரண்டாவது மருமகளைப் பிடிக்கும். சமையல்காரிக்கு மாமியார்தான் உசிரு. "அந்தக் கெழவி இல்லன்னா கத எங்க நகுரும்?" என்பாள். நான் மூத்த மருமகள் கட்சி. அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி வரும். நாத்தனார் கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று யாரிடமும் சொல்லாமல் மறைப்பாள். சிரித்த முகத்தோடு கல்யாண வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்து, தாலி ஏறிய பிறகுதான் மயங்கி விழுவாள். அந்த இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அழுகை வந்துவிடும். "பொம்பளன்னா அவள மாதிரி இருக்கணும்" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன்.

நர்ஸ் அக்காவுக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. "அட அல்லா, இதெல்லாம் பாராட்டற விஷயமாங்க? உடனே டாக்டரப் பாக்க வேணாமா?" என்பார். "நீங்க உங்க டூட்டிய ஊசி போடறதோட வெச்சிக்கோங்கக்கா, கதையில வந்து போடாதீங்க" என்று நான் வாயை அடைத்துவிடுவேன். எல்லாரும் சிரிப்போம். சமையல்காரியும்தான் சிரிப்பாள்.

மூத்த மருமகளை அவள் எப்போதும் அழுமூஞ்சி என்றுதான் சொல்வாள். அவளே ஒருநாள், "க்கா, அந்த அழுமூஞ்சி கட்டிய மறைக்கற எபிசோடு இன்னொரு வாட்டி போடேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு ஆள் என் கட்சிக்கு வருகிறாளே! மறுநாளே போட்டேன்.

பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எத்தினி மாசம்க்கா சொல்லாம இருந்தா?"

"கல்யாணம் முடியற வரைக்கும்."

"வலிச்சிதா அவளுக்கு?"

"வலியே இல்லையே, அதான யாருக்கும் தெரியல."

"அப்புறம் ஆபரேஷன் பண்ணி நல்லாய்ட்டா இல்ல?"

"ஜம்முனு ஆய்ட்டா. கடைசி எபிசோடுல பேரப்புள்ளைய தூக்கிக்கினு நிக்கிறா, பாக்கல நீ?"

அவள் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு எல்லாம் தெரிந்த பெருமை. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி இறங்கிப் போனேன்.

அடுத்த நாள் அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அவள் ஊரில் மழை பெய்தால் அப்படித்தான். மூன்றாம் நாள் ஆபீஸில் ஏதோ கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று விரல் நின்றுவிட்டது. கல்யாணத் தேதி எப்போது, மாமியாருக்கு எப்படித் தெரிந்தது என்று கதையைப் பற்றி எதையுமே அவள் கேட்கவில்லையே. வலிச்சிதா என்றல்லவா கேட்டாள்?

சேச்சே, இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் கொஞ்ச நாளாகவே அவள் பையை இடது தோளில் மாட்டாததும், முண்டியடித்து ஏறும்போது கையை மாருக்குக் குறுக்கே வைத்துக்கொண்டதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கடிதத்தில் ஒரே வரியை மூன்று தடவை அடித்து வைத்திருந்தேன்.

நான்காம் நாள் வந்துவிட்டாள். பத்திரிகை வைக்கப் போயிருந்தாளாம். ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு ஓரமாக அவளை இழுத்துக்கொண்டு போய் நேராகவே கேட்டேன். முதலில் சிரித்தாள். அப்புறம் தூறலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சும்மா ஒரு கட்டிக்கா. மார்ல. ஆடியில புளியங்கொட்ட கணக்கா இருந்துச்சி. இப்ப நெல்லிக்கா அளவு. வலி கிலி ஒண்ணும் இல்ல."

"அடிப்பாவி! வூட்ல சொன்னியா?"

"சொன்னா? ஆத்தாளுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு மாப்ள வூட்ல நிறுத்திப்புடுவாங்க. தை முடியட்டும். முடிஞ்ச கையோட போய்க் காட்டிக்கிறேன்." என் முகத்தைப் பார்த்தாள். "நீதான சொன்ன, பொம்பளன்னா அவள மாதிரி இருக்கணும்னு?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என் கையை இழுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "எம் பொண்ணு மேல சத்தியம் பண்ணு, யாருக்கும் சொல்ல மாட்டேன்னு" என்றாள். நானும் பண்ணித் தொலைத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நான் பட்ட பாடு! சோறு இறங்கவில்லை. சொன்னால் ஒரு பெண்ணின் கல்யாணம் போய்விடும். அவள் மேல் பண்ணிய சத்தியம் வேறு இருக்கிறது. சொல்லாவிட்டால் என்ன போகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் போனை எடுத்து எபிசோடு பட்டியலைத் திறந்து, மூத்த மருமகளுக்குக் கட்டி என்று தெரிந்ததிலிருந்து ஆபரேஷன் வரை எண்ணினேன். சரியாக நாற்பது. கதை எழுதினவர் அவளைக் காப்பாற்றுவதென்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார். அதனால் கட்டியும் நாற்பது எபிசோடு காத்துக்கொண்டிருந்தது. அந்தக் கதையை நம்பித்தான் நான் ஒருத்திக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலமே நர்ஸ் அக்காவைத் தேடிப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். எத்தனை தடவை அவர் வாயை அடைத்திருப்பேன்! திட்டுவார் என்று நினைத்தேன். "நாளைக்கி அவளை நடுவுல உக்கார வைங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காவலூரில் ஏறியவளை நடுவில் உட்கார வைத்தோம். நான் போனை எடுக்கவில்லை. நர்ஸ் அக்கா அவள் கையைப் பிடித்து, "இன்னிக்கி என்கூட ஆஸ்பத்திரிக்கி வர்றீங்க" என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"சத்தியம் பண்ணியேக்கா. பொய்யா?"

"பொய்தான்" என்றேன். "சீரியல்ல அவளுக்கு நாப்பது எபிசோடு குடுத்தாங்க. உனக்கு யாருடி குடுத்தா?"

கண்டக்டர் வந்து வழக்கம்போல மாமியாரைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கொடுத்துப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரி, ஊசி வைத்துச் சோதனை, முடிவுக்காகக் காத்திருந்த ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் ஆபீஸில் யார் போன் அடித்தாலும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். நாங்கள் பயந்த நோய்தான். இன்னும் பரவவில்லை, தை வரைக்கும் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்களாம். கார்த்திகையிலேயே ஆபரேஷன் ஆனது.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் விஷயம் தெரிந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. சத்தியத்தை மீறினதற்குத்தான் இந்தத் தண்டனையோ, அதுவும் அந்தப் பெண்ணுக்கா என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒருநாள் அவள் மகள் ஆபீஸுக்கே வந்து நின்றாள். நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும் என்று எழுந்து நின்றேன். அவளோ, "அந்தக் கல்யாணம் போனா போவுது ஆன்ட்டி. அம்மா இருக்காங்க இல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆபீஸ் என்றும் பார்க்காமல் நானும் அழுதேன்.

ஆனால் அவள் அம்மா மட்டும் பேசவே இல்லை. கார்த்திகை, மார்கழி, தை என்று ஆறேழு மாதம் ஓடிவிட்டது. நர்ஸ் அக்காவும் நானும் நடு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, சீரியலும் போடாமல், சும்மா போய்க்கொண்டிருந்தோம்.

வைகாசியில் ஒரு காலை. காவலூரில் பஸ் நின்றது. மருந்தேற்றியதில் முடி கொட்டிப்போன தலையில் இறுக்கிக் கட்டிய துண்டோடு, பாதியாய் இளைத்துப்போய் அவள் ஏறினாள். எங்கள் சீட்டுக்கு வந்து, "நவுருங்க" என்றாள். நகர்ந்தோம். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு என் மடியிலிருந்த போனைத் தட்டினாள்.

"போடு. எங்க வுட்டோம்?"

நாங்கள் விட்ட இடம் எனக்குத் தெரியும். அதைப் போடக் கை வரவில்லை. வேறொன்றைத் தேடினேன். போனைப் பிடுங்கி அவளே போட்டாள். மூத்த மருமகள் சமையலறை மூலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மாமியார் கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே போகிறாள்.

"போடி லூசு! மொதல்ல டாக்டராண்ட போடி!" என்று அவள் கத்திய கத்தில் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் அக்கா கைதட்டினார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பாமலேயே முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

அவள் மகளுக்கு இன்னும் வரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மாவின் ஆபரேஷனைப் பற்றி மகளே முதலில் சொல்லிவிடுகிறாளாம். நாங்களும் தினமும் சீரியல் பார்க்கிறோம், சண்டை போடுகிறோம். ஆனால் யாராவது என்னிடம் அந்தக் கதையைப் பற்றி ஏதாவது கேட்டால், போனைக் கீழே வைத்துவிட்டு, கேட்கிறவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் பதில் சொல்கிறேன்.