பரம் அண்ணையின் துவக்கு யாரிடம் போனது

செய்தி வந்தபோது நான் மிசிசாகாவில் வேலையில் நின்றேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சரக்குக் கம்பனியின் கந்தோர், கணக்கு எழுதுகிற அலுவலகம். ஓய்வு பெறும் வரைக்கும் பரம் அண்ணை எனக்கு முன்மேசையில் இருந்ததும் அங்கேதான். கைபேசியில் அண்ணையின் மனைவி புவனா அக்காவின் பெயர் வந்தது. அவர் எனக்கு நேரே எடுப்பவர் அல்ல, எதுவென்றாலும் என் மனைவி சுகந்திக்குத்தான் எடுப்பார். பெயரைக் கண்டதுமே அண்ணை இறந்துவிட்டார் என்று விளங்கிவிட்டது. "தம்பி, அண்ணை மோசம் போயிட்டார்" என்றார். பிறகு, "நீர் சாப்பிட்டிட்டு ஆறுதலா வாரும், அவசரமில்லை" என்றார். முதல் வசனத்தைத் தாங்கிக்கொண்டேன். இரண்டாவதைத் தாங்க முடியவில்லை. கார் நிற்பாட்டும் இடத்துக்குப் போய், காருக்குள் இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அண்ணையைப் பார்வைக்கு வைத்திருந்த நாளில் உங்களில் பலர் வந்தீர்கள். பூ வைத்தீர்கள், அக்காவின் கையைப் பிடித்தீர்கள். அதன்பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டீர்கள்: அந்தத் துவக்கு இப்போது எங்கே? அவர் உங்களுக்குத் 'துவக்குப் பரம்' என்பது எனக்குத் தெரியும். ஊரில் இயக்கத்தில் இருந்திருப்பார் என்று ஒருவர் கதை கட்டினார். வார இறுதியில் மான் சுடப் போகிறார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் பச்சைப் பொய். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துவக்கு ஒரு றைபிள். அதை அவர் கடையில் முழுதாக வாங்கவில்லை. சட்டப்படி வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்தபிறகு, குழலை ஓரிடத்திலும், குண்டு ஏற்றிச் சுடுகிற பூட்டுப் பகுதியை இன்னோரிடத்திலும் வாங்கினார். தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற மரப்பகுதியை மட்டும் வால்நட் மரத்தில் தானே செதுக்கினார். ஒரு குளிர்காலம் முழுக்க ஸ்காபரோ வீட்டுக் கராஜில் மரத்தூள் பறந்தது. கந்தோரில் கணக்குப் பார்க்கிற மனிதர் அவர். உளி பிடித்துப் பழக்கமில்லாததால் இரண்டு கையிலும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலைக்கு வருவார். நாங்கள் பகிடி பண்ணுவோம். அந்த வகுப்புக்கு நானும் அவரோடு போனேன், லைசென்ஸும் எடுத்தேன். ஆனால் நான் துவக்கு வாங்கவில்லை. அவருடையதிலேயே சுட்டுப் பழகினேன்.

சுட்டது கடதாசியை. தூரத்தில் ஒரு கடதாசி வட்டம், அதற்கு இந்தப் பக்கம் குப்புறப் படுத்துக்கிடக்கிற பரம் அண்ணை. அவ்வளவுதான். ஒரு பறவைக்குக்கூட அவர் குறி வைத்ததில்லை. ஏன் அண்ணை இந்த வேலை என்று ஒருநாள் சுட்டுப் பழகுகிற திடலில் வைத்தே கேட்டேன். படுத்தபடியே சொன்னார்: "ஊரில ஷெல் விழேக்க இப்பிடித்தான் குப்புறப் படுத்துக்கிடந்தனாங்கள். அண்டைக்குப் பயத்தில படுத்தனான். ஒருக்காலாவது பயமில்லாமல் நிலத்தில படுத்துப் பார்க்கவேணும் எண்டு இருந்தது." இதை அவர் கண் கலங்கச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மூச்சை அடக்கி, குறி பார்த்து, சுட்டார். வட்டத்துக்கு வெளியேதான் பட்டது. அவர் ஒன்றும் பெரிய சூரர் அல்ல.

புவனா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. அவர் சிறுபெண்ணாக இருந்தபோது சீருடைக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்து, விசாரிக்க வேண்டும் என்று தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தகப்பன் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் அக்கா பஸ்ஸில் ஒரு பொலிஸ்காரர் ஏறினால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு துவக்கு. புருஷனும் பெண்சாதியும் சண்டை போடாமல் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அது கராஜுக்குள் இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடக்கும், அக்கா கராஜுக்குள் கால் வைக்கமாட்டார். குசினிக்குள்ளிருந்து கராஜுக்குப் போகிற கதவுக்கு முன்னால் அரிசி மூட்டைகளை அடுக்கிவிட்டார். அண்ணை வெளியால் சுற்றித்தான் போவார். அக்கா ஏற வேண்டும் என்பதால் கார் வெளியே பனியில் நின்றது, அண்ணை விடிய எழும்பிப் பனியைச் சுரண்டினார்.

புருஷனுக்காகத் தன் வீட்டில் பொறுத்தாரே தவிர, வேறு எந்த வீட்டிலும் அக்கா பொறுக்கவில்லை. எங்களோடு வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் நத்தார் பண்டிகைக்கு எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரில் அவருடைய தகப்பனின் வேட்டைத் துவக்கு மாட்டியிருந்தது. அக்கா பாத்திரத்தை வைத்துவிட்டு எழும்பிப் போய், அந்தக் குளிரில் காருக்குள் இருந்தார். சுகந்தி போய்க் கெஞ்சியும் வரவில்லை. அந்த வீட்டுப் பெண் அடுத்தடுத்த வருஷங்களிலும் அன்பாகக் கூப்பிட்டார். அக்கா ஒருநாளும் போகவில்லை.

அண்ணைக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னபோது, வைத்தியர் கையை விரித்துத்தான் சொன்னார். அவர் அதைக் கேட்டுவிட்டு வந்து என்னோடு கதைத்த முதல் விஷயம் துவக்கு. இந்த நாட்டில் சொந்தக்காரர் இறந்தால், லைசென்ஸ் இல்லாத மனைவி அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. உரியவரிடம் கை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸைக் கூப்பிட்டு ஒப்படைக்க வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. "நான் செத்தாப் பிறகு என்ர துவக்கைக் கேட்டு இவளின்ர வாசல்ல ஒரு பொலிஸ்காரன் வந்து நிக்கக்கூடாது" என்றார். "அதுக்கு முதல் வித்துமுடிக்கவேணும். நீ நிண்டு செய்."

சாகப்போகிற மனிதருக்கு வேறு எத்தனையோ கவலை இருக்கலாம். அவருக்கு இருந்தது இது ஒன்றுதான். நான் சம்மதித்தேன்.

திடலில் பழகியவர்கள் எல்லோரும் ஒரே புத்திதான் சொன்னார்கள். வீட்டில் வைத்துத் துண்டுகளைப் பொருத்திச் செய்த துவக்கை முழுதாக யாரும் நம்பி வாங்கமாட்டார்கள், கழற்றித் துண்டு துண்டாகப் போட்டால் உடனே போகும், விலையும் கூட வரும் என்றார்கள். அண்ணை கேட்கவில்லை. சேர்த்துச் செய்ததைச் சேர்த்தே அனுப்ப வேண்டும், அதுவும் கடதாசிக்குச் சுடுகிற ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அதன்பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது. துவக்குப் பார்க்க வந்தவர்களை அவர் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி நடத்தினார். முன்னறையில் இருத்தித் தேத்தண்ணீரும் ரோல்ஸும் வைத்து, என்ன வேலை, குடிப்பழக்கம் உண்டா, தாய் தகப்பன் எங்கே, வீட்டில் பெண்சாதி என்ன சொல்கிறாள் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். வந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் முழுசினார்கள். மான் சுடுகிறவன் என்று சொன்ன ஒருவரை, ரோல்ஸைச் சாப்பிட்டு முடிக்க விட்டு, மரியாதையாக வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

ஸ்ரௌவ்விலில் இருந்து ஒரு பெடியன் வந்தான். எல்லாப் பொருத்தமும் சரி. கடதாசிக்குத்தான் சுடுகிறான், தாயோடு இருக்கிறான், குண்டில்லாத பூட்டுப் பகுதியைத் திறந்து பார்த்ததிலேயே அவன் கை பழகின கை என்று தெரிந்தது. ஆனால் துவக்கைத் தோளில் வைத்துக் குனிந்தபோது அவன் கன்னம் மரத்தில் இருக்கவில்லை. அண்ணை அதைத் தன் நீட்டுக் கழுத்துக்கும் ஒட்டின கன்னத்துக்கும் அளவாகச் செதுக்கியிருந்தார். மரத்தை மாற்றிப்போட்டால் வாங்குவேன் என்று அவன் சொன்னான். அண்ணை யோசிக்க நேரம் கேட்டார். அவரிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் நான் வாய் திறந்தேன். எனக்குத் தாங்கோ அண்ணை, என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, மரத்தையும் மாற்றமாட்டேன், உங்கள் நினைவாக முழுதாக வைத்திருப்பேன் என்றேன். முதல் நாளே அவர் என்னைக் கேட்பார் என்று நான் காத்திருந்திருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உனக்குத் தரமாட்டன்" என்றார். ஏன் என்று கேட்டேன். "கேளாதை" என்றார். எனக்குச் சரியான கோபம். முன்பின் தெரியாதவனுக்கு ரோல்ஸ் கொடுத்து விற்கத் தேடுகிற மனிதர், கூடப் படுத்துச் சுட்ட எனக்குத் தரமாட்டாராம். வழியெல்லாம் காருக்குள் அவரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சுகந்தி, வருத்தக்கார மனிசனோடு கோபிக்கக்கூடாது என்று என்னை அடக்கினாள்.

அடுத்த கிழமை அவரே கூப்பிட்டார். குரல் மெலிந்துபோயிருந்தது. "கழட்டுவம்" என்றார். கராஜில் ஒரு மடிப்புக் கதிரையில் ஜாக்கெட்டும் தொப்பியுமாக இருந்தார். விரல் வீங்கியிருந்ததால் அவரால் ஆணி முறுக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். ஒவ்வொன்றையும் மடியில் வாங்கித் துணியால் துடைத்து மேசையில் வைத்தார். அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கத்தில் அக்கா சட்டி பானை கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பூட்டுப் பகுதி ஸ்ரௌவ்வில் பெடியனுக்குப் போனது. குழலை ஒஷாவாவில் ஒருவர் எடுத்தார். குறி பார்க்கிற கண்ணாடியை இன்னொருவர் எடுத்தார். லைசென்ஸ் பார்த்துப் பதிய வேண்டியதையெல்லாம் நானே நின்று செய்தேன். யாரையும் அவர் தேத்தண்ணீருக்கு இருத்தவில்லை.

மரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. அது அவருக்கு அளவான மரம், வேறு யாருக்கு உதவும்? கன்னம் படுகிற இடம் வியர்வையும் எண்ணெயும் ஊறிக் கறுத்திருந்தது. அதையாவது நான் கொண்டுபோகிறேன் என்றேன். அண்ணை தலையை ஆட்டினார். "அரிஞ்சு குப்பையில போடு. எனக்கு முன்னால அரி." சுவரில் தொங்கிய, மரம் அரிகிற வாளை எடுத்து அரிந்தேன். நல்ல மரம், இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. நான் அழுதுகொண்டு அரிந்தேன், அவர் அழாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விடிய நகரசபை லொறி வந்து அதை மற்றக் குப்பையோடு அள்ளிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நல்ல நினைவோடு இருந்த பின்னேரம், அக்கா மருந்துக்கு வெளியே போன நேரம் பார்த்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "கோபமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஓம் எண்டு சொல்லு, எனக்குத் தெரியும்" என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "உன்ர வீட்டில அது இருந்தா இவள் உன்ர வீட்டுக்கு வரமாட்டாள். மரத்துண்டு எண்டாலும் வரமாட்டாள். நான் போனாப் பிறகு இவளுக்குப் போய் இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க வேற ஆரின்ர வீடு இருக்கு?"

நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மருந்தோடு வந்துவிட்டார்.

பொலிஸ் ஒருவரும் வரவில்லை. வரவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தியேட்டிக் கிரியை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் போனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மணி அடித்தது. திறந்தேன். புவனா அக்கா பஸ்ஸில் வந்திருந்தார், கையில் ஒரு பேணியில் பயற்றம் பணியாரம். சுகந்தி உள்ளேயிருந்து வாங்கோ அக்கா என்று கூப்பிட்டாள். அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. படியிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, அவரின்ர சாமான் ஒண்டும் உம்மட்ட இல்லைத்தானே?"

"ஒண்டும் இல்லையக்கா" என்றேன்.

அக்கா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் மறுமொழி. பரம் அண்ணை என்னிடம் ஒரு ஆணியைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தப் படியில் நின்று பொய் கலக்காமல் நான் சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் எனக்கென்று விட்டுப்போனார். அதை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வருகிறார்.