ஈரக் கல்

கல்லைத் தட்டிப் பார்த்தே அதன் உள்ளிருப்பதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு, தான் சொன்ன ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க ஏன் தெரியாமல் போயிற்று?

உருத்திரபுரத்து மேசன் தயாபரன் நல்ல வேலைக்காரன். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சமையல் எரிவாயு கிடைக்காமல் போன ஆண்டில், அடுப்புக் கட்ட ஊர் அவனைத்தான் தேடியது. மேட்டுக் காணியில் வெயிலில் கிடந்த கருங்கல்லைத்தான் எடுப்பான். தண்ணீரில் கிடந்த கல் ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். வாய்க்கால் கல்லில் கட்டிய இன்னொரு மேசன் பிரசாந்தனை, "அவன் அடுப்பே கட்டுறான்? சீனவெடியெல்லோ கட்டுறான்!" என்று ஊர் சிரிக்கப் பழித்தவன் அவன்.

இடியப்பம் அவித்து விற்கும் கமலாசனிக்குக் கட்டிய அன்று மூன்று கற்கள் குறைந்தன. மேட்டுக் காணிக்குப் போய்வர அலுப்பாயிருந்தது. பக்கத்து வாய்க்காலில் உருண்டையான கற்கள் கிடந்தன. அவற்றை அவன் தட்டிப் பார்க்கவில்லை. தட்டினால் என்ன கேட்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை ஒரு கல் வெடித்து, அதன் சில்லு கமலாசனியின் முன்கையைக் கிழித்தது. அவன் ஓடிப் போனபோது முற்றத்தில் சனம் கூடியிருந்தது. பிரசாந்தனும் நின்றான்.

"சூட்டுக் கல்லில தண்ணி ஊத்தினனீங்களோ அக்கா?" என்று தயாபரன் கேட்டான்.

கமலாசனி யோசித்தார். "நேற்றுப் பானை பொங்கி வழிஞ்சது தம்பி. அதாலயோ?"

பொய் சொல்ல அவன் எண்ணி வரவில்லை. ஆனால் பிரசாந்தன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம். அதுதான்."

"ஐயோ, உங்கட வேலையைக் கெடுத்துப்போட்டன். கோவிக்காதேங்கோ," என்றார் அவர், இரத்தம் ஊறிய துணியை அமத்திப் பிடித்தபடி.

வெட்கம் அந்த இடத்திலேயே வந்துவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. மறுநாள் காய்ந்த கல் வைத்துத் திருத்திக் கொடுத்தான். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவரோ இடியப்பம் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் தழும்பைக் காட்டி, "என்ர விசர் வேலை. தயாபரன்ர கல்லில ஒரு பிழையுமில்லை," என்று சொல்லிவந்தார். அதைக் கேட்டு அவனுக்கு வேலை கூடியது. அந்த ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றுப் பாதையால் சைக்கிளில் போகத் தொடங்கினான்.

அடுத்த ஆண்டு மகளின் கலியாணச் சமையலுக்குப் பெரிய அடுப்பு வேண்டுமென்று கமலாசனியே அவன் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு ஏலாதக்கா."

"இன்னும் கோவமோ தம்பி?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் போனார்.

"அந்த மனுசிக்கு என்னத்துக்கு மாட்டன் எண்டனீங்கள்?" என்று மனைவி சுதாஜினி கேட்டாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அதன் பிறகும் சுவர் கட்டினான், கிணறு கட்டினான். அடுப்பு மட்டும் எவருக்கும் கட்டிக் கொடுக்கவில்லை.