கவரில் எழுதிய பெயர்

மூன்றாவது பார்சலும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்த அன்று, எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கணினியைப் பார்த்தாள். "இங்கயிருந்து ஒழுங்காப் போயிருக்கு சேர். கனடாவுக்கும் போய்ச் சேந்திட்டு. அதுக்குப் பிறகு எங்களுக்குத் தெரியா" என்றாள். எனக்கு அது வெறும் சாட்டாகவே பட்டது.

மூன்று பார்சலிலும் இருந்தது ஒரே புத்தகம்தான், என் பள்ளிக்கூடத் தோழனின் கவிதைகள். எத்தனையோ வருடமாகச் சஞ்சிகைகளில் எழுதியவனுக்கு ஒரு புத்தகம்கூட வந்திருக்கவில்லை. போர்க்காலத்தில் கனடாவுக்குப் போனவன், இப்போது சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கிடந்தான். கண்ணை மூடுவதற்குள் அவன் தன் புத்தகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று நானே தொகுத்து, மெய்ப்புப் பார்த்து, சாய்ந்தமருதில் அச்சடித்தேன்.

ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிட்டு, வந்ததா என்று கேட்பேன்.

"இன்னும் கிடைக்கல்ல மச்சான். நீ அத போனில அனுப்பன்" என்பான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "போனில பாக்கிறதுக்கா இவ்வளவு பாடுபட்டு அடிச்சன்? கையில எடுத்துப் பாக்கணும்டா நீ."

என் வீறாப்பில் எட்டு மாதம் போயிற்று. அவனுக்கு எட்டு மாதம் எவ்வளவு பெரியது என்று நான் யோசிக்கவே இல்லை.

மூன்றாவதும் தொலைந்த பிறகுதான் இறங்கி வந்தேன். அச்சகத்தில் பிடிஎஃப் கோப்பை வாங்கி, அஸர் தொழுதுவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போய்ச் சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் அவன் குரல் பதிவு வந்தது.

"எழுத்தப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்கிறன் மச்சான். ஒரு நாளைக்கு ரெண்டு கவித. அதுக்கு மேல கண் ஏலா. பதினேழாம் பக்கத்துல ஒரு வரிய விட்டுட்டாய்டா, மடையா."

அந்த ஏச்சைப் பத்துத் தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன்.

இரண்டு கிழமை கழியுமுன் அவன் கண்ணை மூடிய மௌத்துச் செய்தி வந்தது. பாதிப் புத்தகத்தைத்தான் படித்திருப்பான். ஜனாஸாவை அங்கேயே அடக்கினார்கள். நாங்கள் இங்கே பள்ளியில் கூடி, முன்னால் மையித்து இல்லாமலே அவனுக்காகத் தொழுதோம்.

சில நாள் கழித்து அவன் மகளோடு கதைத்தேன். பார்சல் தொலைந்ததைச் சொல்லிப் புலம்பியபோது அவள் இடைமறித்தாள்.

"சாச்சா, அது தொலையல்ல. மூணு தரமும் நான்தான் வாப்பாவ இங்க உள்ள தபால் கந்தோருக்குக் கூட்டிப்போனன். அடையாள அட்டையில உள்ள பேரும் கவருல உள்ள பேரும் வேற, தர ஏலா எண்டுட்டாங்க."

எங்கள் பக்கத்தில் எழுத வருகிறவர்கள் ஊர்ப் பெயரை முன்னால் போட்டு ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வது வழக்கம். அவனுக்கு அந்தப் பெயரைப் பதினாறு வயதில் வைத்தவனே நான்தான். கவிஞனுக்குப் போகிற புத்தகம் கவிஞனின் பெயரில் போகட்டும் என்று மூன்று கவரிலும் கொட்டை எழுத்தில் அதையே எழுதியிருந்தேன். பாஸ்போட்டில் அவனுக்கு வேறு பெயர் இருப்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"ஏன் மகள் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"வாப்பா விடல்ல. 'அவன் ஆசையா எழுதியிருக்கான், மாத்தச் சொன்னா மனம் நோகும்' எண்டார். கடைசித் தரம் கண்ணாடிக்கு அங்கால பார்சலத் தூக்கிக் காட்டினாங்க. வாப்பா நிண்டு அந்தப் பேர வாசிச்சார். பிறகு, வா மகள் போவம் எண்டார்."

அடுத்த நாள் எங்கள் ஊர்த் தபால் கந்தோருக்குப் போய் அந்தக் கவுண்டர்ப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து, பதினேழாம் பக்கத்தில் விட்ட வரியைச் சேர்த்து, கோப்பைத் திரும்பவும் அவன் வாட்ஸ்அப் இலக்கத்துக்கே அனுப்பினேன். வேறு யாருக்கு அனுப்புவது?